மூக்குக்குப் போட்ட மாலை

எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் மரியாதையில்லாமல் கேலி செய்வதில்லை. ஆளைக் குழியில் தள்ளினாலும் "பார்த்து விழுங்க" என்று சொல்லித்தான் தள்ளுவார்கள். அப்படி மரியாதையாகத் தள்ளப்பட்டவன் நான். இத்தனை வருடமாகியும் ஏறி வரவில்லை.

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. ("எங்க ஊட்டுல பேசறது ரெண்டு பேருங்க, ரேடியோவையும் சேத்தி" என்று என் மனைவி சரசு வருகிறவர்களிடம் சொல்வாள்.) அதனால் இந்தக் கதையை இதுவரை மற்றவர்கள்தான் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டம்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குச் சொந்தமாக ஒரு லாரி இருந்தது. வீடு அவிநாசிக்குப் பக்கம். ஓனர், டிரைவர், பஞ்சர் பார்க்கிறவன் எல்லாம் நானே. லாரி நல்ல லாரி. சமதளத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மேடு என்றால் மட்டும் அதற்குப் பிடிக்காது. சத்தியமங்கலம் தாண்டி மைசூர் போகிற திம்பம் மலையில் லோடோடு ஏறும்போது, நடுவில் இறங்கி ஒன்றுக்குப் போய்விட்டு நடந்தே வந்து மறுபடி ஏறிக்கொள்ளலாம். நானே அப்படிச் செய்திருக்கிறேன் என்று என் மச்சான் சொல்வார். ஓட்டுகிறவன் எப்படி இறங்குவான் என்று யாரும் கேட்டதில்லை.

மச்சான் என்றால் சரசுவின் அண்ணன் நாச்சிமுத்து. காங்கேயத்தில் இருந்தார். மூன்று லாரி. மூன்றும் பறக்கும். மூன்றும் புகையும். டீசல் பம்பில் கம்பெனிக்காரன் வைத்த 'சீல்' என்கிற ஈய முத்திரையை உடைத்து, உள்ளே இருக்கும் ஸ்குரூவைத் தள்ளிவிட்டால் இஞ்சினுக்கு டீசல் அதிகமாகப் போகும். இழுவை கூடும். கூடவே கரிப்புகையும் கூடும். அவர் லாரி காங்கேயத்தில் கிளம்பினால் பின்னால் வருகிறவனுக்குப் பகலிலேயே லைட் போட வேண்டும். (புகைச் சான்று எல்லாம் வைத்திருந்தார். அந்தக் காலத்தில் அதற்கு லாரி போக வேண்டியதில்லை. ஆள் போனால் போதும்.)

அந்தச் சமயத்தில்தான் பெருந்துறைப் பக்கம் ஒரு பனியன் துணிக் கம்பெனியில் லாரி தேடினார்கள். வெளுத்துச் சுருட்டிய வெள்ளைத் துணி. மைசூரில் தையல் கம்பெனிக்குப் போக வேண்டும். வருடம் முழுக்க லோடு. நிபந்தனை இரண்டே. சாயங்காலம் ஏற்றினால் விடிவதற்குள் மலை தாண்டிப் போய்ச் சேர வேண்டும். புகைகிற லாரி கேட்டுக்குள்ளேயே வரக் கூடாது. முன்பு ஏதோ ஒரு லாரி விட்ட புகையில் துணியெல்லாம் கரும்புள்ளி விழுந்து, மொத்த லோடும் திரும்பி வந்ததாம்.

வேகமாகப் போகிற லாரி புகையும். புகையாத லாரி ஊரும். நம்முடையது ஊர்கிற சாதி. லோடோ இல்லை. லோடு இல்லாத லாரி வாசலில் நிற்கும்போது மாடு மாதிரி நம்மையே பார்க்கும்.

மச்சான் ஒரு நாள் வந்து நேராகவே சொல்லிவிட்டார்.

"மாப்ளே, சீலை ஒடச்சுப்போட்டு ஸ்குரூவை ரெண்டு சுத்து உள்ள தள்ளுங்க. யானையாட்ட இழுக்குமுங்க."

"புகை வருமுங்க மச்சான்."

"வண்டின்னா புகை வரத்தானுங்க செய்யும். இல்லைன்னா ஒண்ணு பண்ணுங்க. இதைக் குடுத்துப்போட்டு நம்ம வண்டிக்கு வந்துருங்க. டிரைவர் எடம் காலியாத்தான் இருக்குது."

சரசு காபி கொண்டுவந்தவள் அப்படியே நின்றாள். "ஏண்ணா, அவரு ஓனருங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்காகவாவது இந்த லாரி மலையேற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

கோயமுத்தூரில் அந்தோணி என்று ஒரு மெக்கானிக். அவரிடம் போனேன். இழுவை வேண்டும், புகை கூடாது என்றேன். அவர் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.

"உங்க மச்சான் வண்டிக்கு சோத்தை மட்டும் கொட்டறாருங்க. அதுக்கு விக்குது. பவருங்கறது டீசல் இல்லீங்க, காத்து" என்றார்.

உக்கடத்துப் பழைய இரும்புக் கடைக்கு அப்போது அடிபட்ட புது மாடல் லாரி ஒன்று வந்திருந்தது. முன்பக்கம் அப்பளம். ஆனால் டர்போவும் பம்பும் பிழைத்திருந்தன. டர்போ என்பது நத்தை மாதிரி ஒரு சாமான். வெளியே போகிற புகையின் வேகத்திலேயே சுற்றி, இஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும். அதோடு வந்த பம்பின் தலையில் ஒரு சின்ன டப்பா. காற்று வந்து சேரும்வரை டீசலைக் கொஞ்சம் பிடித்து வைக்கும் காவல்காரன் அது. அது இருந்தால் புகை அடங்கும். முதல் மிதிக்கு வண்டி கொஞ்சம் யோசிக்கும், அவ்வளவுதான். அதனால் எல்லாரும் அதன் பைப்பைப் பிடுங்கிவிட்டு ஓட்டுவார்கள்.

"இதைத் தொடாம ஓட்டறதுன்னா செஞ்சு தாரேன்" என்றார் அந்தோணி. தொடமாட்டேன் என்றேன். தொடவில்லை. இதைக் குடும்பத்தில் யாரும் சொல்வதில்லை என்பதால் நான் சொல்லிக்கொள்கிறேன்.

காற்று நிறைய வேண்டும் என்பதால், அது உள்ளே போகிற வாயைச் சூட்டிலிருந்தும் புழுதியிலிருந்தும் தூக்கி, கேபினுக்குப் பக்கத்தில் உயரமாக ஒரு குழாய் வைத்தார். குழாயின் தலையில் காளான் மாதிரி ஒரு மூடி. மூடிக்குக் கீழே கழுத்தைச் சுற்றிக் கம்பி வலை; காற்று நுழைவது அதன் வழியாகத்தான்.

"இதானுங்க இனிமே உங்க வண்டிக்கு மூக்கு" என்றார்.

நன்றாகக் காதில் விழுந்தது. மூக்கு என்றுதான் சொன்னார்.

முதல் லோடு கருங்கல் ஜல்லி. திம்பத்தில் ஏறினேன். முதல் வளைவில் மிதித்தேன். வண்டி ஒரு நொடி யோசித்தது. அப்புறம் டர்போ விசில் அடித்தது. யாரோ பின்னாலிருந்து முதுகில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். வெட்கக்கேடு, ஆனால் பார்த்தேன்.

பாதி மலையில் முன்னால் ஒரு கரி மேகம் போய்க்கொண்டிருந்தது. மேகத்துக்குள் மச்சானின் லாரி. டிரைவர் வராததால் அவரே ஓட்டிக்கொண்டிருந்தார். அகலமான இடத்தில் ஆரன் அடித்துத் தாண்டினேன். மலையில் நான் தாண்டிய முதல் வண்டி அது. சமமாக வந்தபோது அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். முன்னால் போய்விட்டேன்.

மேலே போய் நிறுத்தி, சைலன்சர் வாயில் என் வெள்ளைத் துண்டைக் கட்டி ரேஸ் செய்து பார்த்தேன். டீக்கடை மாஸ்டர் தோளில் கிடக்கிற துண்டைவிட வெள்ளையாக இருந்தது. அதை மடித்து வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சரசுவிடம் கொடுத்தேன். அவள் அதைத் துவைக்காமல் பீரோவில் வைத்தாள்.

கம்பெனியில் வெள்ளிக்கிழமை வண்டியைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள். காலையில் வாசலில் பூஜை. வண்டியைக் கழுவி, விபூதி பூசி, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, முன்னால் மாலை போட்டாயிற்று. புதுக் குழாய்க்கும் சந்தனம் தடவி மூன்று இடத்தில் குங்குமம் வைத்தாள் சரசு. மூடியும் கழுத்துமாகப் பார்ப்பதற்கு ஒரு சாமியாகவே ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

அப்போது மச்சான் மோட்டார் பைக்கில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கையில் ஒரு மாலை. சாதாரண மாலை இல்லை. சம்பங்கியும் செவ்வந்தியும் இடைவெளி இல்லாமல் நெருக்கிக் கட்டியது. எலெக்சனில் ஜெயித்தவருக்குப் போடுவார்களே, அந்தக் கனம். அதை இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராக என்னைப் பார்த்து வந்தார்.

வாசலில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உடம்பு கூசிவிட்டது. கல்யாணத்தன்றே மாலைக்குக் குனியத் தெரியாமல் நின்று, சரசுவை எம்ப வைத்தவன் நான். அதோடு, மச்சான் என்னைக் கேலிதான் செய்கிறார் என்று உறுதியாக நினைத்தேன்.

"எனக்கு எதுக்குங்க மச்சான்" என்று மாலையை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். பிடுங்கியாயிற்று. எங்கே வைப்பது. வண்டிக்கு முன்னால் ஏற்கனவே ஒரு மாலை இருந்தது. நிமிர்ந்தேன். குழாய் நின்றது. கழுத்தோடு நின்றது.

ஏறி அதற்குப் போட்டேன். மாலை நீளம். தொங்கினால் காற்றில் பறந்துவிடுமே என்று இரண்டு சுற்றுச் சுற்றி, நாரால் இறுக்கியும் கட்டினேன். எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை.

மச்சான் முகம் கொஞ்சம் மாறிற்று. "சரிங்க. உங்க இஷ்டமுங்க" என்றார்.

அவிநாசி தாண்டும்வரை வண்டி நன்றாகத்தான் போனது. செங்கப்பள்ளி வருவதற்குள் விசில் நின்றுவிட்டது. மிதித்தால் வண்டி யோசிக்கிறது, யோசித்துக்கொண்டே இருக்கிறது. டீசல் சரியில்லை என்று நினைத்தேன். கண் பட்டுவிட்டது என்றும் நினைத்தேன். ஆக்சிலேட்டரை இன்னும் அமுக்கினேன்.

ரோட்டோரம் நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள். ஜோடித்த வண்டியைப் பார்த்தால் ஜனங்களுக்கு எவ்வளவு சந்தோசம் என்று நானும் கையை ஆட்டினேன். ஒரு டவுன் பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு என்னமோ கத்தினார். அவருக்கும் ஒரு வணக்கம் வைத்தேன். சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு குனிந்து நின்றார். இவ்வளவு பக்தி வேண்டாமே என்றுதான் எனக்குப் பட்டது.

பின்னாலேயே மச்சான் பைக்கில் வந்தார். ஆரனை விடாமல் அடித்துக்கொண்டே வந்தார். திம்பத்தில் நான் தாண்டியதற்கு இங்கே என்னைத் தாண்டப் பார்க்கிறார் என்று முடிவு செய்தேன். விஜயமங்கலம் போயும் வழி விடவில்லை. பெருந்துறை வரைக்கும் விடவில்லை. அவர் வலது பக்கம் வந்தால் நானும் வலது பக்கம் போனேன்.

கம்பெனி முற்றத்தில் வெளுத்த துணிச் சுருள்கள் கூடாரத் துணி விரித்து வரிசையாக அடுக்கியிருந்தன. பக்கத்துக் கொட்டகையில் பெண்கள் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மெதுவாக உள்ளே போய், மரியாதையாக இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினேன். பின்னால் வந்த பைக்கை வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். மேனேஜர் நல்ல மனிதர். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். முன்பக்கத்தைத் திறந்து காட்டினேன்.

"அந்த டப்பா என்னங்க?"

"புகையை அடக்கறதுங்க. எல்லாரும் புடுங்கிப்போடுவாங்க. நம்ம வண்டியில புடுங்கலீங்க."

என் வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அது.

அவருக்குப் பிடித்துவிட்டது. ஒரு வெள்ளைப் பனியன் துணியை எடுத்து அவரே குனிந்து சைலன்சர் வாயில் கட்டினார். "எடுத்து நல்லா மிதிங்க பார்க்கலாம்" என்றார். நான் ஏறி உட்கார்ந்து, குலதெய்வத்தை நினைத்து, பலகையோடு சேர்த்து மிதித்தேன்.

டப்பா தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. டீசலை முடிந்தமட்டும் குறைத்தது. ஆனால் மூக்கையே அடைத்துவிட்டால் அது என்ன செய்யும், பாவம். கட்டிய துணி ஒரு உருண்டையாகப் புறப்பட்டுப்போய்க் கொட்டகைச் சுவரில் ஒட்டிக்கொண்டது. அதன் பின்னாலேயே புகை வந்தது. மச்சானின் மூன்று லாரியும் ஆயுசுக்கும் விட்ட புகையைச் சேர்த்தாலும் அவ்வளவு இருக்காது. முற்றம் தெரியவில்லை. துணி தெரியவில்லை. மேனேஜர் நின்ற இடத்தில் இருமல் மட்டும் இருந்தது.

புகையெல்லாம் பின்னால்; எனக்கு முன்னால் கண்ணாடி. கண்ணாடி முன்னால் வெயில். நான் சிரித்த முகமாக இன்னும் ஒருமுறை மிதித்தேன்.

"ஏனுங்க, போதுமுங்க. நிறுத்திப்போடுங்க" என்று இருமலுக்கு நடுவில் மேனேஜர் குரல் கேட்டது. அப்போதும் மரியாதை குறையவில்லை.

கொட்டகையிலிருந்து ஒரு அம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, "அண்ணா, செங்கச் சூளைங்களா?" என்று கேட்டாள்.

புகைக்குள்ளிருந்து ஒரு உருவம் நடந்து வந்தது. தலை முதல் கால் வரை கறுப்பு. கண்ணும் பல்லும் மட்டும் வெள்ளை. வேட்டி மடிப்புக்குள் ஒரு கோடு மட்டும் பழைய நிறத்தில் இருந்ததை வைத்துத்தான் மச்சான் என்று கண்டுபிடித்தேன். அவிநாசியிலிருந்து பெருந்துறை வரை என் சைலன்சருக்குப் பின்னால் வந்த மனிதர். வழி விட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பார்.

அவர் நேராக லாரிக்கு வந்தார். கேபின் மேல் கால் வைத்து ஏறி, மாலையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. நான்தான் இறுக்கிக் கட்டியிருந்தேனே. பல்லால் நாரைக் கடித்து அறுத்தார். பூவெல்லாம் வலைக்குள் உறிஞ்சப்பட்டுக் களிமண் மாதிரி அப்பியிருந்தது. கையால் வழித்துப் போட்டார். இஞ்சின் தும்முகிற மாதிரி ஒருமுறை குலுங்கி, பிறகு நிதானமாக ஓடியது. விசில் திரும்ப வந்தது.

"மாப்ளே" என்றார் அவர் மேலேயிருந்து. "மூக்குக்கு மாலை போட்ட மொத ஆளு நீங்கதானுங்க."

துணி மடித்த பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. நான் மறுபடி மிதித்துக் காட்டினேன். இப்போது புகையே இல்லை. தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது.

"இப்பப் பாருங்க" என்றேன்.

"பார்த்துட்டனுங்க" என்றார் அவர், துணிச் சுருள்களைப் பார்த்துக்கொண்டே. "போய்ட்டு வாங்க."

வந்துவிட்டேன். திரும்பி வரும்போது வண்டி அற்புதமாக இழுத்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

அந்த லோடு அந்த வருடமே மச்சானுக்குப் போனது. லாரிக் கம்பெனியிலிருந்தே டர்போ வைத்து வந்த புது லாரி ஒன்றை அவர் வாங்கினார். சீலை உடைக்கவில்லை. டப்பாவைப் பிடுங்கவில்லை. என்னிடம் கேட்டுத்தான் எல்லாம் செய்தார். நான் சொன்னேன். கேட்டால் சொல்லத்தானே வேண்டும். என் லாரியைக் கேரளாக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். மச்சானின் புது லாரிக்கு டிரைவர் இடம் காலியாக இருந்தது. சரசு இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டுத் தூக்கைக் கையில் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணமானாலும், மாலை எடுக்கும் நேரத்தில் கூட்டத்திலிருந்து மச்சானின் குரல் வரும். "மூக்கை உட்டுப்போட்டுப் போடுங்க கண்ணு." தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். தெரியாதவர்களுக்கு யாராவது சொல்வார்கள். எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். என் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார்வரைக்கும் இது தெரிந்துவிட்டது. சம்பந்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, முழுக்கதையும் சொல்லச் சொன்னார்.

ஒருமுறை மச்சான் என்னோடு மைசூர் வந்தார். நான் ஓட்டினேன். திம்பத்தில் நான் அவரைத் தாண்டிய அந்த அகலமான இடம் வந்தபோது அவராகவே பேசினார்.

"அன்னைக்கு அந்த மாலை வண்டிக்கு வாங்கலீங்க மாப்ளே."

"தெரியுமுங்க. என்னைக் கேலி பண்ண வாங்குனீங்க."

"கேலி பண்றவன் காங்கேயத்துல சொல்லி வெச்சுக் கட்டி வாங்கியாருவானுங்களா? இங்கத்தான என்னைத் தாண்டிப் போனீங்க. புகையே இல்ல. அப்பவே நெனச்சேன், இந்த ஆளுக்கு ஒரு மாலை போடோணும்னு. நீங்க கழுத்தைக் குடுக்கலீங்களே."

நான் கியரை மாற்றினேன். அடுத்த வளைவில் வண்டியைத் திருப்பினேன். பிறகு கேட்டேன்.

"அப்பறம் ஏனுங்க எல்லாக் கல்யாணத்துலயும் அதையே சொல்றீங்க?"

"சொன்னா சிரிக்கறாங்களே" என்றார்.

அவர் போன வருடம் போய்விட்டார். காங்கேயத்து வீட்டு வாசலில் கிடத்தியிருந்தார்கள். நான் பெரிய மாலையாக வாங்கிக்கொண்டு போனேன். சம்பங்கியும் செவ்வந்தியும். நெருக்கிக் கட்டச் சொல்லி, நின்று வாங்கினேன். அதை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு நான் கிட்டே போனபோது, வாசலில் அழுகை கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. கூட்டத்தில் யாரோ "மூக்கை..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சரசு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். அண்ணன் மேல் எவ்வளவு பாசம் என்று பக்கத்தில் இருந்தவர்கள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். எனக்குத் தெரியும், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டும்தான் இருந்தாள்.

குனிந்தேன். மூக்கில் இரண்டு பக்கமும் பஞ்சு வைத்து அடைத்திருந்தார்கள்.

மாலையை நெஞ்சில் வைத்தேன். மூக்கை விட்டுத்தான் வைத்தேன்.